சிபில் அறிக்கை: காசு கொடுக்காமல், வருடத்துக்கு நான்கு முறை

என் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் எழுதியிருக்கும். அவற்றுக்கு நடுவே வருடத்தில் நான்கு இடத்தில் பென்சிலால் ஓர் எழுத்து. ஜனவரியில் ‘சி’, ஏப்ரலில் ‘எ’, ஜூலையில் ‘ஈ’, அக்டோபரில் ‘கி’. ஏதோ சீட்டுக் கட்டும் தேதி என்றுதான் என் மனைவி முதலில் நினைத்தாள். நாம் வாங்கிய கடனையும் கட்டிய விதத்தையும் குறித்துவைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களின் முதல் எழுத்துகள் அவை. அந்தந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய் என் கடன் அறிக்கையை இறக்கிப் பார்ப்பேன். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. பைசா செலவில்லை.

இந்தப் பழக்கம் என் தங்கை கணவரால் வந்தது. 2021-ல் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனார். சம்பளச் சான்று, பத்திரம், பிளான் அப்ரூவல் எல்லாம் பக்காவாக இருந்தது. இரண்டு வாரம் இழுத்துவிட்டு, “உங்க சிபில் இடிக்குது சார்” என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். ஒரு புரோக்கர் 8,000 ரூபாய் கொடுத்தால் ‘சிபிலை ரெடி பண்ணித் தருவதாக’ச் சொல்லியிருக்கிறார். “மச்சான், கொடுத்துப் பார்க்கலாமா?” என்று என்னிடம் கேட்டார். “இருங்க மாப்பிள்ளை, முதல்ல என்ன இடிக்குதுன்னு பார்ப்போம்” என்று அவர் போனிலேயே அறிக்கையை இறக்கினோம். எட்டாவது பக்கத்தில் இருந்தது வில்லங்கம். 2015-ல் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் மேஜை போட்டுக் கொடுத்த கிரெடிட் கார்டு. டிராலி பை இலவசம் என்பதற்காக வாங்கியது. ஒரே ஒருமுறை பெட்ரோல் போட்டு, அந்தப் பணத்தைக் கட்டியும் விட்டார். அடுத்த வருடம் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் விழுந்தது அவருக்குத் தெரியாது. வாடகை வீடு மாறியதில் பில் பழைய விலாசத்துக்குப் போனது. வரி, தாமதக் கட்டணம், வட்டி, வட்டிக்கு வட்டி என்று அது வளர்ந்து 11,000 சொச்சத்தில் வந்து நின்றது. பை இன்னும் பரணில் இருக்கிறது.

ஆறு வருடத்தில் ஒரே ஒருமுறை அவர் அறிக்கையைப் பார்த்திருந்தால் 600 ரூபாயோடு போயிருக்கும். ஆகவே இதுவரை பார்க்காதவர்களுக்காக, எங்கே போய், எதைத் தட்டி, எந்த வரியை முதலில் படிப்பது என்று சொல்கிறேன்.

நான்கு கணக்குப்பிள்ளைகள்

எந்த நகல் எடுத்தாலும் ‘ஜெராக்ஸ்’ என்கிற மாதிரி, கடன் மதிப்பெண் எதுவானாலும் நாம் ‘சிபில்’ என்கிறோம். சிபில் 2000-ல் தொடங்கிய முதல் நிறுவனம் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கி அனுமதியோடு நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நீங்கள் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை எல்லாவற்றையும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்த நான்குக்கும் அனுப்புகின்றன. அதை வைத்து 300-லிருந்து 900 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். நான்கும் தனித்தனிக் கணக்கு முறை வைத்திருப்பதால் மதிப்பெண் ஒன்றாக இருக்காது. எனக்கே ஓரிடத்தில் 781, இன்னோரிடத்தில் 752. இதற்காகப் பதற வேண்டாம்.

இந்த நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் காலண்டர் வருடத்துக்கு ஒருமுறை, மதிப்பெண்ணோடு கூடிய முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று 2016 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2017 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பலர் நான்கையும் ஒரே நாளில் இறக்கிவிட்டு மீதி வருடம் மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் வருடம் முழுக்கக் காவல் இருக்கும். என் காலண்டர் எழுத்துகளின் ரகசியம் அவ்வளவுதான். வீட்டுக்கடன் மாதிரிப் பெரிதாக ஏதாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே நான்கையும் எடுத்துவிடுங்கள். தப்பு இருந்தால் திருத்த நேரம் வேண்டும்.

‘பார்த்தாலே மதிப்பெண் குறையும்’ என்று ஒரு பேச்சு ஊர் முழுக்க உண்டு. நீங்களே உங்கள் அறிக்கையைப் பார்த்தால் ஒரு புள்ளிகூடக் குறையாது. கடன் கேட்டு நீங்கள் விண்ணப்பம் போட்டு, அதற்காக வங்கி பார்த்தால்தான் அது ‘என்கொயரி’ என்று பதிவாகும். ஒரே மாதத்தில் ஐந்தாறு இடத்தில் கடன் கேட்டால் அது கண்ணை உறுத்தும்.

உட்கார்ந்து இறக்குவது

பேன் கார்டு, செல்போன், திறக்கக்கூடிய மின்னஞ்சல் இந்த மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். கூகுளில் ‘ஃப்ரீ சிபில்’ என்று தேடாதீர்கள். மேலே வருவது பாதியும் விளம்பரம். சிபில் டாட் காம் என்று முகவரிப் பட்டையில் நேராகத் தட்டிப் போங்கள்.

1. முகப்பில் இலவச மதிப்பெண்ணுக்கான பொத்தான் இருக்கும். அதை அழுத்தி மின்னஞ்சல், கடவுச்சொல் கொடுத்து ஒரு கணக்கு தொடங்குங்கள்.

2. பெயர், பிறந்த தேதி, பின்கோடு, பேன் எண், செல்போன் எண் கேட்கும். பேன் கார்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், சுருக்கிய இனிஷியல் எதுவும் வேண்டாம்.

3. செல்போனுக்கு ஓடிபி வரும். வங்கியில் கொடுத்திருக்கும் எண்ணையே இங்கும் கொடுப்பது நல்லது. கடன் வாங்கியபோது வேறு எண் கொடுத்து, இப்போது எண் மாறியிருந்தால் ஆள் அடையாளம் சரிபார்க்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். அப்படியானால் முதலில் வங்கியில் எண்ணை மாற்றிவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி வாருங்கள்.

4. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மாதச் சந்தா, வருடச் சந்தா என்று பெரிய எழுத்தில் கட்டணத் திட்டங்கள் வந்து நிற்கும். ‘வேண்டாம்’ என்று சொல்லித் தாண்டும் வழி சின்ன எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். பொறுமையாகத் தேடி அதை அழுத்துங்கள். கார்டு எண்ணோ யுபிஐ பின்னோ கேட்டால் தப்பான பாதையில் போயிருக்கிறீர்கள், திரும்பிவிடுங்கள்.

5. மதிப்பெண் பெரிதாக வட்டத்தில் தெரியும். அதோடு நிற்காமல் முழு அறிக்கையைத் திறந்து, பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

மற்ற மூன்று தளங்களிலும் ஏறக்குறைய இதே சடங்குதான். சிலவற்றில் ஆளை உறுதிப்படுத்த, ‘உங்களுக்கு எந்த வங்கியில் கடன் இருக்கிறது?’ என்பது போல ஒரு கேள்வி வரலாம். பழைய பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டால் தடுமாற வேண்டாம். பொதுக் கணினியிலோ பிரவுசிங் சென்டரிலோ இதைச் செய்யாதீர்கள். உங்கள் பேன், விலாசம், கடன் ஜாதகம் முழுவதும் அந்த பிடிஎஃபில் இருக்கிறது. வேறு வழியில்லை என்றால் இறக்கிய கோப்பை அழித்துவிட்டு, குப்பைத்தொட்டி ஃபோல்டரையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.

எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டாம்

750-க்கு மேல் என்றால் ‘அப்பாடா’ என்று மூடிவிடுகிறோம். என்னைக் கேட்டால் அந்த எண் கடைசியாகப் பார்க்க வேண்டியது. பரீட்சை மார்க்கை மட்டும் பார்த்து விடைத்தாளைப் பார்க்காதது போல அது.

முதலில் பெயரும் விவரமும். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாஸ்புக்கில் எஸ். முருகன் என்று இருக்கும். பேன் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சேர்த்து முருகன் சுப்பிரமணியன் ஆகியிருக்கும். கடன் கொடுத்த நிதி நிறுவனம் சுப்பிரமணியன் முருகன் என்று போட்டிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்களுக்கு இன்னும் இரண்டு பெயர் கூடும். பெயர்தான் இப்படி என்றால், பிறந்த தேதி அதைவிட மோசம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட மே, ஜூன் தேதிகளோடு வாழ்கிற தலைமுறை இன்னும் இருக்கிறது. ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே ஊர் என்று இருவர் இருந்து, ஒருவர் கடனுக்கு பேன் எண் தப்பாகப் பதிவானால் என்ன ஆகும்? அவர் டிராக்டர் கடன் உங்கள் அறிக்கையில் வந்து உட்காரும். ஆகவே பேன் எண், பிறந்த தேதி, விலாசங்கள், செல்போன் எண்கள் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படியுங்கள். நீங்கள் குடியிருக்காத ஊரின் விலாசம் ஒன்று இருந்தால் அது சும்மா வந்திருக்காது.

அடுத்து கணக்குகள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பெட்டி இருக்கும். என் அம்மாவின் அறிக்கையில் ஒரு பெட்டி இப்படி இருந்தது: கடன் வகை, தங்க நகைக் கடன். கொடுத்த தொகை 60,000. நிலுவை 60,000. மூடிய தேதி, காலி. நகையை மீட்டு, அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கல்யாணத்துக்கும் போய்வந்துவிட்டார் அம்மா. வட்டிக்கடை மாதிரி நினைத்துக்கொண்டு, ‘நகைதான் அவங்ககிட்ட இருந்ததே, அது எப்படி சிபில்ல வரும்?’ என்று கேட்டார். வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் வைக்கும் நகைக்கடன் அறிக்கையில் வரும். மறுவைப்பு செய்யத் தாமதமானால் அதுவும் வரும். மீட்ட ரசீதைக் காட்டியபிறகு கிளையில் சரி செய்தார்கள். மீட்ட ரசீதையும், பாக்கி இல்லை என்று வங்கி தரும் நோ ட்யூ சான்றிதழையும் நகைப்பெட்டியிலேயே போட்டு வையுங்கள், தேட வேண்டியிருக்காது.

நகைக்கடன் மட்டுமா? மகளிர் குழுவில் வாங்கிய கடன், மகன் கல்விக்கடனில் அப்பா போட்ட கையெழுத்து, நண்பனுக்கு நின்ற ஜாமீன், போன் வாங்கிய பூஜ்ய வட்டித் தவணை, செயலியில் ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று தட்டிய 1,200 ரூபாய் எல்லாமே கடன் கணக்காக வந்து நிற்கலாம். ஜாமீன்காரர் பெரும்பாலும் பெட்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார், நண்பன் நான்கு மாதமாகக் கட்டவில்லை என்று.

ஒவ்வொரு பெட்டியின் கீழும் மாத வாரியாகச் சின்னக் கட்டங்கள் இருக்கும், சிபிலில் மூன்று வருடத்துக்கு 36 கட்டம். கட்டத்தில் இருப்பது எத்தனை நாள் தாமதம் என்ற எண். 000 என்றால் பாக்கி இல்லை. 030 என்றால் முப்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது. எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றால் அந்த மாதம் வங்கி தகவலே அனுப்பவில்லை, பயப்பட வேண்டாம். எண்ணுக்குப் பதிலாக எஸ்யுபி, டிபிடி, எல்எஸ்எஸ் என்று எழுத்துகள் இருந்தால், அந்தக் கடனை வங்கி வாராக்கடன் வரிசையில் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கணக்கின் நிலை என்ற இடத்தில் இரண்டு சொற்கள் விஷம். ஒன்று ‘ரிட்டன் ஆஃப்’: வராது என்று வங்கி தன் கணக்கில் எழுதித் தள்ளியது. தள்ளுபடி ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கியின் பேரேட்டில்தான் தள்ளினார்கள், உங்கள் தலையிலிருந்து இறங்கவில்லை. இன்னொன்று ‘செட்டில்டு’: வசூல்காரர் போன் போட்டு, “80,000-க்கு 35,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்” என்பாரே, அது. கட்டியவுடன் மூடிய கணக்கு ஆகாது, குறைத்துக் கட்டி முடித்தவர் என்ற முத்திரைதான் விழும். முடிந்தால் முழுசாகக் கட்டி ‘க்ளோஸ்டு’ என்று எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக என்கொயரிப் பகுதி. யார், எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்கு உங்கள் அறிக்கையைப் பார்த்தார்கள் என்று வரிசையாக இருக்கும். நீங்கள் கால் வைக்காத ஒரு நிதி நிறுவனம் போன மாதம் தனிநபர்க் கடனுக்காகப் பார்த்திருந்தால், யாரோ உங்கள் பேன் நகலை வைத்து விளையாடுகிறார்கள். கடன் கணக்காக மாறுவதற்கு முன்பே அதைப் பிடிக்கும் இடம் இதுதான். கடன் நிறுவனங்கள் உங்கள் அறிக்கையைப் பார்த்தால் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்த மாதிரிச் செய்தியை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். அதே சமயம் அதில் ஏதாவது லிங்க் இருந்தால் தட்டவும் வேண்டாம், தளத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள்.

தப்பு இருந்தால்

அறிக்கையின் தலைப்பில் ஒரு கன்ட்ரோல் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அதே தளத்தில் உள்நுழைந்து ‘டிஸ்ப்யூட்’ பகுதியில் புகார் போடலாம். இதற்கும் கட்டணம் கிடையாது. எந்தக் கணக்கு, எந்த விவரம் தப்பு என்று தேர்ந்தெடுத்து, நோ ட்யூ சான்றிதழோ ரசீதோ இருந்தால் இணையுங்கள். சிபில் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் ஆமாம் என்றால்தான் மாற்றும். அதனால் நான் எப்போதும் இரண்டு கடிதம் போடுவேன், தளத்தில் ஒன்று, வங்கியின் குறைதீர் மின்னஞ்சலுக்கு ஒன்று. கிளையில் வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் அது அந்த மேஜையோடு போயிற்று.

முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது. வங்கிக்கு இதில் 21 நாள். அதற்குள் அது பதில் சொல்லாவிட்டால் பணம் தருவது வங்கி. அது சொல்லியும் தகவல் நிறுவனம் தூங்கினால் தருவது தகவல் நிறுவனம். மதிப்பெண் ஏன் இவ்வளவு குறைவு என்று சண்டை போட இந்த வழி உதவாது, விவரம் தப்பாக இருந்தால் மட்டும்தான். முப்பது நாள் தாண்டியும் சரியான பதில் இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் கொடுக்கலாம். இந்த நான்கு நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

பணம் கட்டிய மறுநாளே அறிக்கையில் மாற்றம் தேடாதீர்கள். முன்பு மாதம் ஒருமுறை தகவல் அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று மாற்றினார்கள். கட்டி மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்.

செயலிகளும் புரோக்கர்களும்

பணம் அனுப்பும் செயலிகள், வங்கிகளின் சொந்தச் செயலிகள் பலவற்றிலும் இப்போது மதிப்பெண் இலவசமாகத் தெரிகிறது. மாதாமாதம் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அது போதும். திடீரென்று 40 புள்ளி இறங்கினால் முழு அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே ‘சம்மதம்’ என்று தட்டும்போது, உங்கள் கடன் விவரத்தைப் பார்த்து உங்களுக்கே கடன் விற்கவும் சம்மதிக்கிறீர்கள். தட்டிய இரண்டாம் நாள் முதல், “சார், உங்களுக்கு பிரீ அப்ரூவ்டு லோன்...” என்று அழைப்பு தொடங்கும். ஏதாவது ஒரு செயலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேவையில்லை என்றால் செயலியின் செட்டிங்ஸுக்குள் போய்ச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

‘ஏழு நாளில் 800 ஆக்கித் தருகிறோம்’ என்பவர்களிடம் பேச்சே வேண்டாம். சரியான விவரத்தை யாராலும் அழிக்க முடியாது. தப்பான விவரத்தைத் திருத்த நீங்களே போதும். என் தங்கை கணவரிடம் 8,000 கேட்டவர் செய்யவிருந்ததும் அதே இலவசப் புகார்ப் படிவத்தை நிரப்புவதுதான். அதற்கு அவருடைய ஓடிபியையும் கேட்டிருப்பார், அது 8,000-ஐவிட ஆபத்து. நாங்கள் கார்டு நிறுவனத்துக்கு எழுதி, கட்டணங்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்டோம். மாட்டோம் என்றார்கள். முழுசாகக் கட்டிச் சான்றிதழ் வாங்கினார். வீட்டுக்கடன் கிடைக்க அதற்கப்புறமும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஒன்றுமே இல்லை என்று வந்தால்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பார்த்தால் எண்ணுக்குப் பதிலாக ‘என்ஹெச்’ என்றோ மைனஸ் 1 என்றோ வரலாம். கடன் வாங்கிய வரலாறே இல்லை என்று அர்த்தம், தப்பு செய்ததாக அர்த்தமில்லை. முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்றும், கடனுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் என்று ரிசர்வ் வங்கி எதையும் வைக்கவில்லை என்றும் 2025-ல் நாடாளுமன்றத்தில் மத்திய நிதித்துறை தெளிவுபடுத்தியது. நடைமுறையில் ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. கணக்கைத் தொடங்க எனக்குத் தெரிந்த மலிவான வழி, ஒரு சிறிய வைப்புத்தொகையை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு. மாதம் ஒரு போன் ரீசார்ஜ், ஒரு பெட்ரோல், அவ்வளவுதான். வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் செலவழித்து, பில்லை முழுசாகக் கட்டிவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

வங்கி வேலைக்குத் தேர்வெழுதுகிற தம்பி தங்கைகள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தேர்வில் வென்ற ஒருவரின் பணி நியமனத்தை மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி ரத்து செய்தது. அது சரிதான் என்று 2025-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்கள், எந்த மாதத்திலிருந்து தவணை தொடங்குகிறது என்பதைக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தங்கள் அறிக்கையையும் அப்பா அறிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கடன் இருவர் அறிக்கையிலும் இருக்கும்.